கை படும் இடங்கள்

பினாயில் வாடை அடித்தால்தான் ஆஸ்பத்திரி சுத்தமாக இருக்கிறது என்பது நம் ஊர் நம்பிக்கை. வாடை வராத வார்டைப் பார்த்தால் கூட இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். "இன்னிக்கு யாரும் துடைக்கலையா சிஸ்டர்?" துடைத்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. வாடையில்லாத மருந்தில் துடைத்ததுதான் குற்றம். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர்களும் முதலில் பார்ப்பது தரையைத்தான். பளபளவென்று இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கட்டில் கம்பியை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. அதுவும் நல்லதுதான். தடவிப் பார்த்தால் அந்தக் கையோடு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள்.

*

தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று பெயர் போட்ட அட்டை என் கழுத்தில் தொங்குகிறது. வேலையில் பெரும்பகுதி ஓரமாக நின்று பார்ப்பது.

ஆண்கள் மெடிக்கல் வார்டு, ஜன்னலோரக் கட்டில், காலை ஷிப்ட் மாறும் நேரம். நர்ஸ் வந்து கம்பியை இறக்குகிறார். டிரிப்ஸ் ஓடும் வேகத்தை விரலால் உருட்டிச் சரிசெய்கிறார். பி.பி. பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு கேஸ் ஷீட்டில் எழுதுகிறார், பேனாவைச் சட்டைப் பையில் செருகுகிறார், கம்பியை ஏற்றிவிட்டுப் போகிறார். நோயாளியின் மகன் அந்தக் கம்பியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையால் அப்பாவுக்கு இட்லி ஊட்டுகிறார். ரத்தம் எடுக்க வந்த லேப் பையன் டிரேயை வைக்க இடமில்லாமல் லாக்கர் மேலிருந்த ஃபிளாஸ்க்கை நகர்த்துகிறான். பெரியவர் இருமுகிறார், கையால் வாயைத் துடைக்கிறார், எழுந்து உட்கார அதே கம்பியைப் பிடிக்கிறார்.

இதற்குள் தரையை ஒரு சுற்று துடைத்து முடித்துவிட்டார்கள். கம்பிக்கு யாரும் வரவில்லை.

கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் ஐந்தாவது, நோயாளியைத் தொடாமல் அவரைச் சுற்றியுள்ள பொருளை மட்டும் தொட்டாலும் கை கழுவ வேண்டும் என்பது. எங்கள் ஆட்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த ஐந்தாவதைத்தான். கேட்டால், "பேஷண்ட்டைத் தொடவே இல்லையே சிஸ்டர்" என்பார்கள். தொடவில்லைதான். அவர் தொட்டதையெல்லாம் தொட்டிருக்கிறார்கள்.

*

காய்ந்த இடத்தில் கிருமி தானாகச் செத்துவிடும் என்று நர்சிங் மாணவிகள்கூட நினைக்கிறார்கள். ஜெர்மனியில் கிராமர் என்பவரும் அவர் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலர்ந்த பரப்பில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் 7 நாள் முதல் 7 மாதம்வரை உயிரோடு இருக்கும். அசினெட்டோபாக்டர் 3 நாள் முதல் 5 மாதம்வரை. நம் ஊர் ஐ.சி.யு.க்களை ஆட்டிப் படைப்பது இந்த அசினெட்டோபாக்டரும் அதன் கூட்டாளி கிளெப்சியெல்லாவும்தான். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், அல்லது போய்ச் சேர்ந்துவிடுவார். கிருமி கட்டிலிலேயே அடுத்தவருக்காகக் காத்திருக்கும். முன்பு படுத்திருந்தவரிடம் இருந்த கிருமி, அதே அறைக்குப் பிறகு வந்தவரைப் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

2010-இல் என்.டி.எம்-1 பற்றி லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனெமையே செல்லாக்காசாக்கும் நொதி அது. அதற்குப் புது தில்லியின் பெயரை வைத்தது சரியா தவறா என்று அன்றைக்கு ஊரே சண்டை போட்டது. எனக்கு வார்டில் வேண்டியிருந்த விஷயம் வேறு: ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத, இந்த நொதி உள்ள கிருமி, சோப்புத் தண்ணீர் தொட்ட துணிக்கும் குளோரினுக்கும் மற்றக் கிருமிகளைப் போலவே அடங்கிவிடும். ஊசி மருந்தின் விலை ஆயிரங்களில். துணியின் விலை என்ன என்று ஸ்டோரில் கேட்டுப் பாருங்கள்.

*

கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜெல் இருக்கிறது. காய்ந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது. புற ஊதா டார்ச் அடித்தால் மட்டும் நீலமாக மின்னும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும், சும்மா தடவினால் போகாது. அமெரிக்காவில் பிலிப் கார்லிங் என்ற மருத்துவர் 36 மருத்துவமனைகளில் கை அதிகம் படும் இடங்களில் இதைத் தொட்டு வைத்து, நோயாளி வெளியேறி அறையைச் சுத்தம் செய்த பிறகு பார்த்தார். துடைக்கப்பட்டிருந்தது பாதிக்கும் கீழே. 2008-இல் வெளிவந்த ஆய்வு. கண்டதைக் காட்டினார்கள், சொல்லிக்கொடுத்தார்கள், நிலைமை நன்றாகவே மாறியது.

எங்கள் வார்டில் நானும் பொட்டு வைத்தேன்: கம்பி, அழைப்பு மணி, லாக்கர் கைப்பிடி, டிரிப்ஸ் ஸ்டாண்டில் கை பிடிக்கும் உயரம், பாத்ரூம் தாழ்ப்பாள், லைட் சுவிட்ச். மறுநாள் விளக்கை அணைத்துவிட்டு, அந்த வார்டை வருடக்கணக்கில் துடைக்கும் அக்காவையும் கூட வைத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். லாக்கர் கைப்பிடி சுத்தம். தாழ்ப்பாள் சுத்தம். கம்பி, மணி, ஸ்டாண்டு மூன்றும் மின்னின.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கம்பி நர்சம்மா வேலை, தொடாதேன்னு வந்த புதுசுல சொன்னாங்க சிஸ்டர். டிரிப்ஸ் போற கம்பத்தைத் தொட்டா திட்டுவாங்க. அதான் விட்டுட்டேன்."

அவர் விட்டது சோம்பலில் அல்ல. சொன்ன பேச்சைக் கேட்டுத்தான்.

*

யாருடைய பொருள் என்று தெரியாத பொருள்தான் வார்டிலேயே அழுக்கான பொருள். சக்கர நாற்காலி, இன்ஃப்யூஷன் பம்ப், மானிட்டர் வயர், ஆக்சிஜன் ஃப்ளோ மீட்டர், பி.பி. பட்டை, எடை பார்க்கும் மெஷின். ஹவுஸ்கீப்பிங் ஆளைக் கேட்டால் "மெஷின், நாங்க தொடக்கூடாது" என்பார். நர்ஸைக் கேட்டால் "துடைக்கிறது அவங்க வேலை" என்பார். இருவர் சொல்வதும் அவரவர் வரையில் உண்மை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒரு மருத்துவமனையின் பத்து வார்டுகளில் இந்த இடைவெளியை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். பலர் பகிர்ந்துகொள்ளும் கருவிகளைத் துடைப்பதற்கென்றே வாரநாட்களில் தினம் மூன்று மணி நேரம் தனி ஆள், அவருக்குப் பயிற்சி, அப்புறம் சரியாக நடக்கிறதா என்ற சரிபார்ப்பு. புதிய மருந்து இல்லை, ரோபோ இல்லை. மருத்துவமனையில் வந்து ஒட்டும் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2024-இல் இதுவும் அந்த லான்செட் தொற்றுநோய் இதழிலேயே வந்தது. அச்செடுத்து ஸ்டாஃப் ரூமில் ஒட்டினேன். அதன்மேல் யாரோ தீபாவளி சீட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

*

ஹைப்போ, அதாவது குளோரின் மருந்தான ஹைப்போகுளோரைட், கலக்கும் கணக்கு. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

ஸ்டோருக்கு வரும் கேன் சில சமயம் 5 சதவீதம், சில சமயம் 10. லேபிள் கிழிந்திருக்கும், அல்லது அதன்மேல் தண்ணீர் வழிந்து எழுத்து அழிந்திருக்கும். வார்டில் நடைமுறை "ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூடி." எந்த மூடி, எத்தனை லிட்டர் பக்கெட், எந்தக் கேன் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

5 சதவீதக் கேனிலிருந்து 0.5 சதவீதம் வேண்டுமென்றால் ஒரு பங்கு ஹைப்போவுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். 10 சதவீதக் கேன் என்றால் ஒன்றுக்குப் பத்தொன்பது. சாதாரணப் பரப்புகளுக்கு 0.1 சதவீதம் போதும். 5 சதவீதக் கேனில் ஒன்றுக்கு நாற்பத்தொன்பது. பிளீச்சிங் பவுடர் என்றால், நல்ல சரக்கில் குளோரின் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் போட்டால் 0.5 சதவீதம். ஆனால் வாய் திறந்த மூட்டை மழைக்காலம் முழுக்க ஸ்டோர் மூலையில் கிடந்தால் 30 எல்லாம் இருக்காது. கட்டி கட்டியாக, வாசனையற்றுப் போனதைக் கரைத்து ஊற்றினால் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்ததோடு சரி.

இந்தக் கணக்கையெல்லாம் வார்டில் யாரும் போட மாட்டார்கள், போடவும் வேண்டாம். சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி பக்கெட்டின் உள்பக்கம் ஒரு கோடு, மக்கில் ஒரு கோடு. மக்கில் கோடுவரை ஹைப்போ, பக்கெட்டில் கோடுவரை தண்ணீர். கேனின் சதவீதம் மாறினால் ஸ்டோர்க்காரர் எனக்குப் போன் செய்ய வேண்டும், நான் வந்து கோட்டை அழித்துப் போடுவேன். மார்க்கர் பேனா ஹைப்போவில் நிற்பதில்லை. நெயில் பாலிஷ் ஓரளவு நிற்கிறது.

காலையில் கலந்தது அன்றைக்கு மட்டும். மறுநாள் புதிதாக. வெயிலில் வைத்தால் அதற்குள்ளேயே வீரியம் போய்விடும். மொட்டை மாடிப் படிக்கட்டில் கேன்களை அடுக்கிவைக்கும் வழக்கத்தை நிறுத்தவே ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது.

*

"கூடப் போட்டா கூடச் சுத்தம்தானே சிஸ்டர்?"

இல்லை. கண் எரியும், இருமல் வரும், கட்டில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கட்டிலை எந்த மருந்தாலும் சுத்தம் செய்ய முடியாது.

*

மருந்து வேலை செய்ய ஈரம் நிற்க வேண்டும். ஹைப்போ என்றால் பொதுவாகப் பத்து நிமிடம். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், வாங்கும் யாரும் படிப்பதில்லை. மே மாத வார்டில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்த இடம் அடுத்த விநாடியே காய்ந்துவிடும். துணியைப் பிழிந்து பிழிந்து, கிட்டத்தட்ட உலர்ந்த துணியால் துடைப்பவர் பார்க்கச் சுறுசுறுப்பாகத் தெரிவார். சொதசொதவென்று துடைப்பவரைச் சூப்பர்வைசர் திட்டுவார். திட்டு வாங்க வேண்டியவர் மற்றவர்.

அதற்கு முன்னால் இன்னொன்று. அழுக்கின்மேல் குளோரின் ஊற்றினால் அழுக்கு அதைத் தின்றுவிடும். சளி, சிந்திய கஞ்சி எதுவானாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும், பிறகுதான் மருந்து. இரண்டு வேலையை ஒரே துடைப்பில் முடிக்க நினைத்தால் இரண்டும் நடக்காது.

*

அரசு மருத்துவமனைகளுக்காக 2015-இல் வந்த காயகல்ப் திட்டம் மூன்று பக்கெட் முறையைப் பரவலாக்கியது. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி. மாப்பை முதலாவதில் நனைத்துத் துடைத்து, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் நனைத்துத் துடைப்பது. துடைக்கும்போது எட்டுப் போடுவதுபோல் வளைத்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே வர வேண்டும். மூன்று பக்கெட்டும் ஒரு தள்ளுவண்டியில் இருந்தால்தான் இது நடக்கும். வண்டி இல்லாத இடத்தில் மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் மட்டும் மூன்று பக்கெட் வரிசையாக நிற்கும்.

வார்டுக்குள் துடைப்பம் கூடாது என்பதை ஏற்கவைப்பது அதைவிடக் கஷ்டம். "பெருக்காம எப்படிங்க துடைக்கிறது?" பிறந்ததிலிருந்து பெருக்கிவிட்டுத் துடைத்துப் பழகிய கை. பெருக்கினால் தூசி எழும்பும், கிருமியையும் தூக்கிக்கொண்டு போய் மூடாத புண்ணிலும் மருந்து டிரேயிலும் உட்காரும். எனவே குப்பையைக்கூட ஈரப் பதத்தில்தான் வழித்தெடுக்க வேண்டும். வார்டு வாசலில் துடைப்பத்தைப் பறிமுதல் செய்யும் வேலையும் சில நாள் பார்த்தேன். கழிப்பறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்கள்.

*

இரவில் பக்கெட் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டு நிற்கும் மாப்பைக் காலையில் எடுத்துத் துடைத்தால், வார்டுக்கு உரம் போடுவதற்குச் சமம். துவைத்து வெயிலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். மாற்று மாப்புத் தலை இல்லாமல் இது முடியாது. கேட்டு எழுதினால் "போன மாசம்தானே குடுத்தோம்" என்று பதில் வரும்.

ஸ்ப்ரே பாட்டிலும் அப்படியே. பாதி காலியானதும் மேலே ஊற்றி நிரப்பும் பழக்கம் இருக்கிறதே, அது ஆபத்து. அடியில் தங்கிய பழைய மருந்தில் சூடோமோனாஸ் குடும்பம் நடத்தும். கிருமிநாசினிக்குள்ளேயே கிருமி வளர்ந்து நோயாளிகளுக்குப் பரவியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. காலி செய், கழுவு, காயவை, பிறகு நிரப்பு.

*

அயல்நாட்டு வழிகாட்டு நூல்கள் தரையை 'கை அதிகம் படாத பரப்பு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அவர்கள் நாட்டில் அது சரி. நம் வார்டில் தரை என்பது படுக்கை, சாப்பாட்டு மேடை, குழந்தை தவழும் இடம். கட்டிலுக்கு அடியில் பாயும் பையும், கட்டில்களுக்கு நடுவில் விரித்த பேப்பரில் சோற்றுப் பொட்டலமும், துணைக்கு வந்த பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த வார்டில் மாப்பு நுழைய இடமிருக்காது. இங்கே தரையும் கை படும் இடம்தான். ஆகவே தரைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று நான் சலித்துக்கொள்வது முழு நியாயமில்லை. தரையோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

துணைக்கு இருப்பவர்களை விரட்டவும் முடியாது. மூத்திரப் பை நிறைந்துவிட்டது என்று நர்ஸுக்குச் சொல்வது அவர்கள்தான். திருப்பிப் படுக்கவைப்பது, உடம்பு துடைத்துவிடுவது, மலஜலம் எடுப்பது எல்லாமே பாதி அவர்கள் கையில். அந்தக் கையைக் கழுவ வார்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு சிங்க்கும் சோப்பும் வைத்த கட்டடம் நான் பார்த்தவரை குறைவு.

*

சிங்க் என்றதும் ஞாபகம். கை கழுவும் சிங்க்கில் மிச்சமான டிரிப்ஸ் தண்ணீர், காபி, பால், நோயாளி வாய் கொப்பளித்தது எல்லாம் ஊற்றுகிறார்கள். சர்க்கரையும் புரதமும் கலந்த அந்தச் சாப்பாட்டில் வடிகுழாய்க்குள் பாசிபோல் ஒரு படலம் படியும். குழாயை வேகமாகத் திறந்தால் அந்தப் படலத்திலிருந்து துளிகள் தெறித்து வெளியே வரும். பக்கத்திலேயே மருந்து கலக்கும் மேடை. சிங்க்குக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைக்கச் சொன்னேன். மெயின்டனன்ஸில் பலகைக்கு அளவெடுத்துப் போனவர் இன்னும் வரவில்லை.

*

ரெக்சின் மெத்தையில் சின்னக் கிழிசல். விரல் நுழையும் அளவுதான். அழுத்தினால் பழுப்பு நிறத்தில் ஈரம் வந்தது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் எத்தனை பேருடைய எதையெல்லாம் குடித்திருக்கிறது என்று யோசிக்க விரும்பவில்லை. மேலே எவ்வளவு துடைத்தாலும் அந்தக் கிழிசல் இருக்கும்வரை பிரயோஜனமில்லை. பிளாஸ்திரி ஒட்டி அடைத்திருந்தார்கள், அது இன்னும் மோசம். பிளாஸ்திரியின் பசைதான் தூசியையும் கிருமியையும் பிடித்து வைப்பதில் முதலிடம். டிரிப்ஸ் ஸ்டாண்டில், மானிட்டர் ஓரத்தில், சுவரில் என்று வார்டு முழுக்கப் பிளாஸ்திரித் துண்டுகள். அடுத்த ஊசிக்குத் தயாராக ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தத் துண்டு நேரே நோயாளியின் தோலுக்குப் போகும்.

மெத்தையைக் கண்டம் செய்து ஒதுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

*

ரத்தம் சிந்தினால்: கையுறை, மேலே பேப்பரோ துணியோ போட்டு மூடு, அதன்மேல் 1 சதவீத ஹைப்போ ஊற்று, பத்து நிமிடம் விடு, எடுத்து மஞ்சள் பையில் போடு, இடத்தை மறுபடி துடை. இது எல்லோருக்கும் மனப்பாடம்.

மூத்திரம் சிந்தினால் இதையே செய்யக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. மூத்திரத்தின்மேல் நேரே குளோரின் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். முதலில் உறிஞ்சி எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு மருந்து. கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய பிறகு அதன்மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவுவதும் இதே கதைதான். அங்கே கிளம்புவது நேரடியாகக் குளோரின் வாயு. "அடிக்கடி இருமல் சிஸ்டர், டஸ்ட் அலர்ஜி போல" என்று சொல்லும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, பாத்ரூமில் எதன்மேல் எதை ஊற்றுகிறீர்கள் என்பதைத்தான்.

*

புகை போடுவதில் நமக்கு ஒரு பக்தி. ஆபரேஷன் தியேட்டரைச் சனிக்கிழமை மூடி, பார்மலின் புகை போட்டு, ஓட்டைகளில் டேப் ஒட்டி, திங்கட்கிழமை கண்ணீரோடு திறந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் புகையிலுள்ள பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே சொல்லிவிட்டது. இன்னமும் சில ஊர்களில் அதைப் போடாவிட்டால் சர்ஜனுக்கு மனசு ஆறாது. விளக்கின் கைப்பிடியைத் துடைத்தார்களா என்று கேட்கத் தோன்றாது.

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தைக்கு வருகிறவர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை ஒன்று வைத்தார்கள். படம் நாடெங்கும் பரவியது, ஊருக்கு ஊர் சுரங்கம் முளைத்தது. அதே மாதம் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள்மேல் தெளிக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம், அறைகளுக்குள்ளும் பரப்புகளில் மருந்தைத் தெளிப்பதையோ புகையாக அடிப்பதையோ வழக்கமாக்க வேண்டாம், துணியில் நனைத்துத் துடையுங்கள் என்றது. தெளித்தால் படம் நன்றாக வரும். துடைப்பதை யார் படம் எடுப்பார்கள்?

*

டிஸ்சார்ஜ் ஆன கட்டிலை முழுக்கக் கழுவித் துடைக்க நேரம் பிடிக்கும். மேலிருந்து கீழ், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, ஒரு பக்கம் தொடங்கி வலமாகச் சுற்றி வந்தால் எதுவும் விட்டுப்போகாது. ஆனால் வெளியே ஸ்ட்ரெச்சரில் அடுத்தவர் மூச்சுத் திணறிக்கொண்டு படுத்திருக்கிறார், அவருடைய மகள் எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருக்கிறார், எமர்ஜென்சியிலிருந்து இரண்டாவது முறை போன் வந்துவிட்டது. பெட்ஷீட்டை உருவி, புதிதை விரித்து, ஆளை ஏற்றிவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் யாரை நிறுத்தி என்ன சொல்வது? எனக்கும் வாய் வருவதில்லை.

இது அக்காவின் குறை இல்லை, நர்ஸின் குறையும் இல்லை. கட்டில்கள் போதாத குறை, மதியத்துக்குமேல் ஒரு தளத்துக்கு ஒரே ஆளைப் போடும் குறை.

*

பிரிட்டனில் ஸ்டெஃபனி டான்சர் என்ற நுண்ணுயிரியல் மருத்துவர் எளிமையான ஒரு சோதனை செய்தார். இரண்டு அறுவைசிகிச்சை வார்டுகள். கூடுதலாக ஒரே ஒரு துப்புரவாளர், திங்கள் முதல் வெள்ளிவரை, ஒரு வார்டில் ஆறு மாதம், பிறகு அடுத்ததில் ஆறு மாதம். கை படும் இடங்களில் கிருமி அளவு 32.5 சதவீதம் குறைந்தது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸான எம்.ஆர்.எஸ்.ஏ.வின் புதிய தொற்று 26.6 சதவீதம் குறைந்தது. அந்த ஒரு ஆளின் சம்பளத்தைவிட மிச்சமான பணம் அதிகம் என்றும் கணக்குப் போட்டார்கள். 2009.

அதே பிரிட்டனில் 1983-இலிருந்து மருத்துவமனைத் துப்புரவை டெண்டருக்கு விடச் சொன்னார்கள். இங்கிலாந்தின் 126 மருத்துவமனை அறக்கட்டளைகளை வைத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வு, துப்புரவை வெளியே ஒப்பந்தத்துக்கு விட்ட இடங்களில் எம்.ஆர்.எஸ்.ஏ. கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நம் ஊரிலும் இன்று பெரும்பாலும் ஒப்பந்தம்தான். ஒப்பந்தத்தில் எத்தனை சதுர அடி என்று எழுதுகிறார்கள். கட்டில் கம்பிக்குச் சதுர அடி கிடையாது. பழகிய ஆளை வேறு வார்டுக்கு, வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டார்ச் அடித்துச் சொல்லிக்கொடுத்த அக்கா இப்போது ஓ.பி.யில் இருக்கிறார். வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணிடமும் கம்பியைத் தொடாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

*

2016-இன் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஆனாலும் உண்டு. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை. முதல் தவணை போட்டவர் மூன்றாவதற்கு வருவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். பெட்ஷீட் மடிப்பில் மறந்துபோன ஊசி யார் விரலில் ஏறும்? டாக்டர் விரலில் இல்லை. குத்திக்கொண்ட பெண் என்னிடம் வந்து சொல்லப் பயப்படுகிறார், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று. துணிச் சுருளில் ஊசி இருந்தால் அது எந்த ஷிப்ட் நர்ஸ் விட்டது என்று தேடச் சொல்லியிருக்கிறேன். இதில் எனக்குக் கெட்ட பெயர்தான்.

*

கழிப்பறைக் கதவில் தொங்கும் அட்டையில் மணிக்கொரு கையெழுத்து. காலை பதினொன்றுக்குப் போய்ப் பார்த்தால் மாலை நான்குவரை போட்டிருக்கிறது.

*

கையுறை. துப்புரவுக்கு வரும் தடித்த ரப்பர் கையுறை எல்லாமே பெரிய சைஸ். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பெண்கள், சின்னக் கை. விரல் நுனியில் ஒரு அங்குலம் வெறுமையாகத் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு துணியைப் பிழியவும் முடியாது, அழைப்பு மணியின் இடுக்கைத் துடைக்கவும் முடியாது. கழற்றிவிட்டு வெறுங்கையால் செய்கிறார்கள். ரவுண்ட்ஸ் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஹைப்போ பட்டுப் பட்டு ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை வெடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவுகிறாராம்.

"போட்டுக்கிட்டா வேலை ஆகாது, போடலன்னா நீங்க திட்டுவீங்க. என்ன செய்றது சொல்லுங்க?"

பர்ச்சேஸில் கேட்டேன். டெண்டரில் ஒரே சைஸ்தான் என்றார்கள். சின்ன சைஸும் மீடியமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த டெண்டர் ஏப்ரலில்.